பாதிரியைத் துடைத்தவன்

எனக்குக் கை பெரியது. இதில் நான் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்கும் இதே கைதான். அவர் அதை வைத்து பீர் கிளாஸைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. நான் முப்பது வருஷமாகக் கான்கிரீட் பிளாக் வைத்துச் சுவர் கட்டுகிறவன். இடது கையால் பிளாக்கின் நடுத்தடுப்பைக் கிள்ளித் தூக்கவேண்டும், வலது கையில் கலவைக் கரண்டி. ஒரு நாளைக்கு இருநூறு பிளாக். கையைக் கொடுத்தது அப்பா, அதற்குப் பலத்தைக் கொடுத்தது பிழைப்பு. நானாகச் சம்பாதித்தது என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்கே, எங்கள் கரும்பு ஊரான இங்ஹமில் டோரீன் ஹாக்கெட்டை எல்லோருக்கும் தெரியும். புருஷன் இறந்தபிறகு டயர் கடையை மூடிவிட்டு, அந்த ஷெட்டை எங்களுக்குத் திறந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். மற்ற ஊர்களில் ஆட்கள் மார்பை வளர்ப்பார்கள், நாங்கள் கட்டைவிரலை வளர்ப்போம். கைப்பிடி இருந்தால் எங்களுக்கு அது எடையே இல்லை. இரண்டு இரும்புத் தட்டுகளை வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து, மேலிருந்து விரல்களால் மட்டும் கிள்ளித் தூக்குவோம். பிறகு மூன்று தட்டு. அகலம் கூடக்கூட விரல் விரியும், பிடி செத்துப்போகும், கட்டைவிரலின் அடிச்சதை எரியும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். என் மனைவி லீயான், "மூடி திறக்காத ஜாம் பாட்டில் ஒண்ணு இருக்கு, ஒலகச் சாம்பியனைக் கூப்பிடுங்க," என்பாள்.

ஷெட்டின் நடுவில் ரப்பர் விரிப்பின் மேல் பாதிரி உட்கார்ந்திருக்கும். பழைய சர்ச் மண்டபத்தில் இருந்த ஒரு பெரிய டம்பெல், அறுபதுகளில் எப்போதோ நடுவில் முறிந்தது. அதன் ஒரு பக்கத் தலைதான் பாதிரி. இருபத்துமூன்று கிலோ. மேலிருந்து பிடித்தால் நாலு அங்குல அகலம், பிடிக்க விளிம்பில்லை, பள்ளமில்லை, ஓரமெல்லாம் உள்நோக்கிச் சரிந்த வழுக்குப் பரப்பு. அந்தக் காலத்தில் யார் கெஞ்சினாலும் அசைந்துகொடுக்காத ஒரு பாதிரியார் இருந்தாராம், அவர் பெயரால்தான் இது. ஒற்றைக் கையால் கிள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பால் கிரேட் உயரத்துக்குத் தூக்கி, டோரீன் "போதும்" என்று சொல்லும்வரை பிடித்திருக்கவேண்டும். அப்படித் தூக்கியவன் பெயரைச் சுவரில் உள்ள தகரத்தில் எழுதுவார்கள். பத்து வருஷமாக அதில் ஒரே பெயர்தான்: கிளைவ் மன்சி. அது நான்.

சிரிக்காதீர்கள். ஊரில் எனக்கு இருந்த பெயரே அதுதான். பப்புக்கு யாராவது புதிதாக வந்தால், "இவன்தான் பாதிரியைத் தூக்கினவன்," என்று அறிமுகப்படுத்துவார்கள். முட்டி தேய்ந்துவிட்டது, முதுகு போய்விட்டது, பிள்ளைகள் பிரிஸ்பேனில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்துமூன்று வயதில் என்னிடம் மிச்சமிருந்தது தகரத்தில் அந்த ஒற்றை வரி.

அதற்கு ஆபத்தாக வந்தவன் என் சிநேகிதன் சில்வியோ பவான். கரும்பு வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன், என்னைவிட நாலு வயது இளையவன். கை ரொம்பச் சின்னது. அவன் மனைவி மரீஸாவின் கையுறை அவனுக்கு அளவாக இருக்கும் என்று நானே எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்ப் பயிற்சி எடுப்பான்.

எப்படி எடுத்தான் என்று சொல்லவேண்டும். பழைய ரயில் கட்டை ஒன்றை முழ நீளத்துக்கு அறுத்து, அடியில் கொக்கி போட்டு, சங்கிலியில் இயந்திரத்தின் உதிரி இரும்புகளைத் தொங்கவிட்டான். முதலில் கட்டை இரண்டரை அங்குல அகலம். அதைக் கிள்ளித் தூக்கிப் பத்து எண்ணுவான். இருபது கிலோ சுலபமானதும், எடையைக் கூட்டாமல் கட்டையின் பக்கத்தில் ஒரு மெல்லிய பலகைத் தகடை ஒட்டுவான். அகலம் அரை நூல் அளவு கூடும். எடை திரும்பவும் கனக்க ஆரம்பிக்கும். மூன்று மாதம் கழித்து இன்னொரு தகடு. வாரத்துக்கு இரண்டே நாள், அதற்குமேல் தொடமாட்டான். தசை நார் ஆறவேண்டும் என்பான். இப்படியே ஒன்பது வருஷம். கடைசியில் அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் புத்தகம்போல அடுக்கடுக்காக இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை, பயிற்சியின் முடிவில் அவன் விளையாட்டாகப் பாதிரியைப் பிடித்தான். அது தரையை விட்டு நாலு விரல் எழும்பியது.

டோரீன்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடேய், பாதிரி எந்திரிச்சுட்டாருடா!"

எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன், வேண்டிய அளவுக்குமேல் ஓங்கியே தட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. என் கையில் பாதி இருக்கிற கையால் அவன் தூக்கிவிட்டால், நான் தூக்கியதற்கு என்ன அர்த்தம்? பெரிய கைக்காரன், தூக்கினான், அவ்வளவுதானே என்பார்கள். சொல்வதற்கே நாக்கூசுகிறது, ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது இதுதான்.

எங்கள் போட்டி நாள் ஜூலையில், ஊர்க் கண்காட்சி நடக்கும் சனிக்கிழமை. அன்று ஷெட்டில் நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். வெளியே யாராவது ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக் கொடுப்பார்கள். தகரத்தில் பெயர் இருக்கிறவன் முதலில் ஒருமுறை பாதிரியைத் தூக்கிக் காட்டவேண்டும், பெயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்காக. அதன்பிறகு மற்றவர்கள். ஆளுக்கு மூன்று முயற்சி.

இதில் ஒரு முறை உண்டு. தூக்கப்போகிறவன் இரும்பைத் துடைக்கமாட்டான், எதிராளிதான் துடைத்துக் கொடுக்கவேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் பழைய வியர்வையை எடுத்து, உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கடைசியில், பிடி வழுக்காமல் இருக்க, சாக்பொடி தோய்ந்த துணியால் நாலு தட்டு. எல்லோருக்கும் இரும்பு ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக, பாதிரி சர்ச் மண்டபத்தில் இருந்த காலத்திலேயே ஏற்பட்ட வழக்கம். சண்டைக்காரர்கள்கூட இந்தத் துடைப்பில் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு சில்வியோ துடைத்தான். வெளியே மழை. ஜூலையில் மழை வரக்கூடாது, ஆனால் இங்ஹமில் மழைக்கு யார் சொல்வது? ஈரத்தில் டோரீனின் சாக்பொடி டப்பாவில் பாதி கட்டியாகிப் போயிருந்தது. சில்வியோ அடியில் கிடந்த உலர்ந்த பொடியைச் சுரண்டி எடுத்து எனக்காகத் துணியில் போட்டான். துளிகூட மிச்சம் வைக்கவில்லை. நான் தூக்கினேன். "போதும்" என்றாள் டோரீன். கைதட்டினார்கள்.

அடுத்து அவன் முறை, துடைக்கவேண்டியது நான்.

"பொடி தீந்துபோச்சே கிளைவ், உன் வண்டியில இருக்கா?" என்றாள் டோரீன்.

இருந்தது. மழையில் ஓடிப்போய் வண்டியின் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய ஐஸ்கிரீம் டப்பா. ஸ்பிரிட் துணி, தூரிகை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பொடியைத் துணியில் கொட்டி இரும்பின் இரண்டு பக்கமும் தட்டினேன். எழுந்து, என் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபோது அவை வழுக்கின.

சாக்பொடி வழுக்காது. அது விரலைப் பிடித்து இழுக்கும், தேய்த்தால் நறநறவென்று பல் கூசும். இது எண்ணெய் தடவினதுபோல ஓடியது. என் வண்டியில் அதே மாதிரி இரண்டு டப்பா உண்டு. ஒன்றில் சாக்பொடி. இன்னொன்றில், வேலை நாளில் பூட்ஸுக்குள் கால் வேகாமல் இருக்கப் போடுகிற பவுடர். இரண்டும் வெள்ளை.

எடுத்தது வேண்டுமென்று அல்ல. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆனால் தெரிந்தபிறகு நான் செய்ததற்கு அந்தச் சத்தியம் உதவாது.

"ஒரு நிமிஷம், தப்பான டப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்திருப்பார்கள், "கால் நாத்தம் புடிச்சவனே" என்று நாலு பேர் கிண்டல் பண்ணியிருப்பார்கள், மறுபடி துடைத்திருப்போம். வாயைத் திறந்தேன். அதற்குள் சில்வியோ வந்து இரும்பின் மேல் குனிந்துவிட்டான். கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. மரீஸா முன்வரிசையில் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் தடவைதானே, இன்னும் இரண்டு இருக்கிறதே, பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் முயற்சியில் பாதிரி அசைந்தது, எழும்பவில்லை. சில்வியோ தன் விரல்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்னடா, பாதிரி பிரசங்கத்துல இருக்காரா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

இரண்டாவது முயற்சிக்கு முன்னால் அவனுக்கு ஐந்து நிமிஷ ஓய்வு உண்டு. ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் நான் அவனுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவன் கையை உதறிக்கொண்டு, "ஒரு நூல்கூட எழும்பலையேடா," என்றான் என்னிடம். நான் "மூச்சை இழுத்து விடு" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவதில் அவன் ஒன்பது வருஷத்தையும் சேர்த்துப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பாதிரி எழும்பியது, அந்த வழுக்கலிலும் எழும்பியது, முழங்கால் வரை வந்தது. பால் கிரேட் உயரத்துக்கு இன்னும் ஒரு சாண்கூட இல்லை. அங்கே நாலு விரல் பக்கம் சட்டென்று வழுக்கிவிட்டது. விட்டுவிட்டிருந்தால் தப்பியிருப்பான். அவன் விடவில்லை. இருபத்துமூன்று கிலோவும் ஒரு பக்கமாகத் திரும்பிக் கட்டைவிரலில் விழுந்தது. ஈரத் துணியைக் கிழித்தமாதிரி ஒரு சத்தம் கேட்டது. இரும்பு விரிப்பில் விழுந்து உருண்டு என் பூட்ஸில் முட்டி நின்றது.

அவன் கத்தவில்லை. கட்டைவிரலை மற்ற கையால் பொத்திக்கொண்டு, "தோத்துட்டேன் டோரீன், எழுதிக்கங்க," என்றான்.

எல்லோரும் அவனைச் சுற்றி ஓடினார்கள். நான் மட்டும் கீழே உட்கார்ந்து, ஸ்பிரிட் துணியை எடுத்துப் பாதிரியை நன்றாகத் துடைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், பாவம், பதட்டத்தில் கை என்ன செய்வதென்று தெரியாமல் துடைக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டவுன்ஸ்வில் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைவிரலின் அடியில் அறுவை செய்தார்கள். தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டு வாரம் கட்டு. அதன்பிறகும் சாவியைத் திருப்பலாம், ஸ்பூன் பிடிக்கலாம், கிள்ளிப் பிடிக்கிற பலம் மட்டும் பழையபடி வராது. மெக்கானிக்குக் கட்டைவிரல் இல்லாமல் ஸ்பானர் எப்படி? பட்டறை முதலாளி நல்லவர், அவனைப் பொருள் எடுத்துக் கொடுக்கிற கவுண்டரில் உட்காரவைத்தார்.

நான் ஐந்து வாரம் அவனைப் பார்க்கப் போகவில்லை. வேலை அதிகம் என்றேன். லீயான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் உயிர்ச் சிநேகிதன்தானே அவன்? ஏன் திருடன் மாதிரி அந்தத் தெருவைச் சுத்திச் சுத்திப் போற?"

"முட்டி வலிக்குது," என்றேன்.

"முட்டி வலிச்சா வண்டியில போ. வண்டிக்கு முட்டி இல்ல."

ஆறாவது வாரம் போனேன். சில்வியோ பின்பக்கத் தாழ்வாரத்தில் நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. மரீஸா காப்பியும், அவர்கள் வீட்டுச் சர்க்கரை தூவிய வறுவல் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீயாவது வந்தியே, இவருக்கு உன்னைப் பத்தித்தான் பேச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கூனிக் குறுகி உட்கார்ந்தேன்.

நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுடைய பயிற்சிக் கட்டை இருந்தது, சங்கிலி கழற்றிச் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது.

"இதை எடுத்துட்டுப் போ கிளைவ்," என்றான். "எனக்கு இனி எதுக்கு? ஷெட்டுல புதுசா வர்றவனுக்குக் குடு. தகடு தகடா ஒட்டணும்னு சொல்லு, அவசரப்படக் கூடாதுன்னு சொல்லு."

"கை சரியாயிடும்டா."

"ஆகாது. டாக்டரு நேராவே சொல்லிட்டாரு." காப்பியை என் பக்கம் நகர்த்தினான். "ஒண்ணு சொல்லட்டுமா? முதல் தடவை தொட்டப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு. விரல் ஒட்டவே இல்ல. வேற எவனாவது தொடச்சிருந்தா, 'மறுபடி தொடைடா'ன்னு சொல்லியிருப்பேன். கேக்கலாம், அதுக்கு விதி இருக்கு. ஆனா கேட்டா தொடச்சவன் மூஞ்சில துப்பின மாதிரி. இத்தன வருஷத்துல எவனும் கேட்டதில்ல."

"ஆமா," என்றேன்.

"நீ தொடச்சிருந்த. அதனால இரும்பு மேல சந்தேகமே வரல. என் கை மேலதான் வந்துச்சு. ஒம்பது வருஷம் கட்டையைப் புடிச்சும் மேடைன்னு வந்தா வேர்க்குது, என் கை அவ்வளவுதான்னு நெனச்சேன். அந்தக் கோவத்துலதான் மூணாவதை விடாம புடிச்சேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எதற்கும் நான் துணிந்தவன் என்பதால் சொல்லவில்லை, அங்கே உட்கார்ந்து அந்தக் காப்பியை விழுங்க முடியவில்லை என்பதால்தான் சொன்னேன்.

"பவுடர்டா அது."

"எது?"

"நான் தட்டினது. சாக்பொடி இல்ல. பூட்ஸுக்குப் போடற பவுடர். டப்பா மாறிப்போச்சு."

அவன் சிரிக்கப்போனான். வேடிக்கையான ஒரு தவறைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"எப்போ தெரிஞ்சுது?"

"தட்டி முடிச்ச ஒடனே."

"நான் தொடறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

"ரெண்டாவதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பக்கத்துல நின்னியே, அப்பவும்?"

"அப்பவும்."

"மூச்சை இழுத்து விடுன்னு சொன்னியே."

உள்ளே மரீஸா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சில்வியோ கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவனுக்கு அடிக்கக் கை இல்லாமல் பண்ணினவனே நான்தான்.

"அப்போ என்னால தூக்க முடியும்," என்றான் கடைசியில். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "சரியா தொடச்சிருந்தா தூக்கியிருப்பேன்."

"தூக்கியிருப்ப. பவுடரோடயே முழங்கால் வரைக்கும் தூக்கினியேடா. எவனாலயும் முடியாது. சனிக்கிழமை ஷெட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். தகரத்துல இருந்து என் பேரை நானே அழிச்சிடறேன்."

"வேணாம்."

"சில்வியோ, நான்…"

"வேணாம்னு சொன்னேன்." குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லிட்டா என்ன ஆகும்? நாலு பேர் உன்னைத் திட்டுவாங்க, டோரீன் ஒரு மாசம் பேசமாட்டா, அப்புறம் எல்லாரும், 'தைரியமா ஒத்துக்கிட்டான்பா'ன்னு சொல்வாங்க. உனக்கு பாரம் எறங்கிடும். எனக்கு என்ன எறங்கும்? 'பாவம் சில்வியோ'ன்னு தெருவுல ஒவ்வொருத்தனும் என் கையைப் பார்ப்பான். தோத்தவன்னு சொன்னா தாங்கிக்குவேன். பாவம்னு சொன்னா என்னால முடியாது. யார்கிட்டயும் சொல்லாத. லீயான்கிட்டயும் சொல்லாத. அது உன்னோடது, நீயே வெச்சுக்க."

நான் எழுந்தேன். அவன் கட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"இதையும் எடுத்துட்டுப் போ."

தூக்கினேன். பக்கத்தில் எத்தனை தகடு என்று எண்ணவேண்டாம் என்றுதான் நினைத்தேன். முப்பத்தொன்று.

அதன்பிறகு ஒரு வருஷம் நாங்கள் தெருவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். நான் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். டோரீன் விடவில்லை. "அவன் போயிட்டான், நீயும் போனா நான் யாரைத் திட்டுறது?" என்றாள். பயிற்சி எடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். ஜூலையில் பாதிரியைத் தூக்கிக் காட்டவேண்டிய நாளில் கைநழுவ விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தூக்கமுடியவில்லை என்றால் பெயரை அழித்துவிடுவார்கள். சொல்லக்கூடாது என்றுதானே அவன் சொன்னான், தோற்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

கண்காட்சி சனிக்கிழமை வந்தது. வெயில் நன்றாக அடித்தது. ஷெட் நிறைந்திருந்தது. அந்த வருஷம் என்னை எதிர்க்க யாரும் இல்லை, ஆகவே எனக்குத் துடைக்க எதிராளி இல்லை. டோரீன் அங்கும் இங்கும் பார்த்தாள்.

"யாராச்சும் வந்து தொடைங்கப்பா, நான் குனிஞ்சா எந்திரிக்க மாட்டேன்."

"நான் தொடைக்கறேன்," என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

சில்வியோ. ஒரு வருஷமாக ஷெட்டில் கால் வைக்காதவன். கூட்டம் தானாக வழிவிட்டது, கைதட்டியது, யாரோ விசிலடித்தார்கள். அவன் நேராக வந்து பாதிரியின் முன்னால் மண்டியிட்டான். கட்டைவிரல் சரியாக மடங்காததால் துணியை மற்ற நாலு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிப் பிடித்துக்கொண்டான். ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தான். இன்னொருமுறை. தூரிகையால் அவசரமில்லாமல், மூலை முடுக்கெல்லாம். டப்பாவைத் திறந்து பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான், பிறகு கொஞ்சத்தை என் உள்ளங்கையில் வைத்தான்.

"பாத்துக்க. சரியா இருக்கா?"

தேய்த்தேன். நறநறத்தது. தலையை ஆட்டினேன்.

"என்னப்பா, கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி பண்ற?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

சில்வியோ திரும்பாமலே சொன்னான், எல்லோருக்கும் கேட்கும்படி: "போன வருஷம் கிளைவ் எனக்கு தொடச்சு குடுத்தான். அவன் மாதிரி எவனாலயும் தொடைக்க முடியாது. நான் ஏதோ முயற்சி பண்றேன்."

ஷெட்டே ஆர்ப்பரித்தது. டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்கடா, இதுக்குப் பேருதான் சிநேகம். கையையே பறிகொடுத்தவன், அப்பவும் வந்து தொடைக்கறான் பாரு," என்றாள். மரீஸா என்னைப் பார்த்து முழு மனதாகச் சிரித்தாள். அவளிடமும் அவன் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்துகொள்ளும்போது சில்வியோவின் வாய் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"நழுவ விடலாம்னு பாக்காத. தூக்கு."

நான் குனிந்தேன். நாலு விரலை ஒரு பக்கமும் கட்டைவிரலை மறுபக்கமும் வைத்தேன். இரும்பு என் தோலைப் பற்றிக்கொண்டது. அவ்வளவு சுத்தமாக அது எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பாதிரி லேசாக எழும்பி வந்தது, முழங்காலைத் தாண்டியது, கிரேட் உயரத்துக்கு வந்து நின்றது. என் பின்னால் எல்லோரும் தட்டினார்கள். அதற்கு நடுவே ஒரு தட்டல் மட்டும் தாளம் தப்பி, மொத்தையாகக் கேட்டது, கட்டைவிரல் மடங்காத கையின் தட்டல்.

"போதும்," என்றாள் டோரீன்.

நான் கீழே வைக்கவில்லை.

"போதும்டா கிளைவ், வெச்சுடு!"

கை எரிந்தது. கீழே வைத்தால் திரும்பி அவனைப் பார்க்கவேண்டும்.